60 நாள் திட்டம்: கைகொடுக்கும் கடிதமா, வாசலைக் காட்டும் கடிதமா?

மட்டக்குளியில் எங்கள் லேனில் மூன்றாவது வீட்டில் இருக்கும் பிள்ளை ஒருத்தி கடந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு கடித உறையுடன் என்னிடம் வந்தாள். ராஜகிரிய பக்கம் ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை செய்கிறாள். விடியக் காலையில் 155 பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி இன்னொரு பஸ் எடுத்துப் போகவேண்டும். அப்படிப் போய் வந்து நான்கு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது.

“அக்கா, இத ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. நாளைக்கு சைன் பண்ணிக் குடுக்கச் சொல்றாங்க.”

உள்ளே ஆங்கிலத்தில் மூன்று பக்கங்கள். தலைப்பில் ‘செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்’ என்று இருந்தது. அலுவலகங்களில் சுருக்கமாக ‘பிஐபி’ என்பார்கள். 60 நாட்களுக்குள் ஒவ்வொரு அழைப்பையும் முடிக்கும் சராசரி நேரத்தை ஒன்பது நிமிடத்திலிருந்து ஆறு நிமிடமாகக் குறைக்கவேண்டும், பதிவுப் பிழைகள் வாரத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. நான்காவதாக ஒரு தனித் தாளும் இருந்தது. அது அவளுடைய பெயரில் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்ட ராஜினாமாக் கடிதம். திகதி மட்டும் போடப்படவில்லை.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“இப்பவே குடுத்துட்டுப் போனா நல்ல சேர்விஸ் லெட்டர் தருவாங்களாம். அறுபது நாள்ல பெயிலானா அது கிடைக்காதாம்.”

கூட்டத்தில் பேசியது சிங்களத்தில். கடிதம் ஆங்கிலத்தில். அவள் யோசிப்பதும் பயப்படுவதும் தமிழில். அந்த மூன்று பக்கங்களையும் நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடங்களுக்கு முன்னர் அதே மாதிரியான கடிதம் எனக்கும் கிடைத்திருந்தது.

அப்போது நான் கொழும்பில் ஓர் ஊடக நிறுவனத்தில் மூன்று வருடங்களாக வேலை செய்துகொண்டிருந்தேன். தமிழில் எழுதத்தான் என்னை எடுத்தார்கள். பிறகு வேலை மாறியது. சமூக ஊடகப் பக்கங்களின் எண்ணிக்கைகளை ஆங்கிலத்தில் வாராந்த அறிக்கையாக்குவது என் பொறுப்பானது. அதில் நான் திணறினேன், அதை மறைக்கவில்லை. 90 நாள் திட்டம் ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்திலும் “ஏன் இன்னும் சரிவரவில்லை?” என்ற ஒரே கேள்வி. எப்படிச் சரிசெய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. 40ஆவது நாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நானாக விலகினேன் என்றுதான் அவர்களின் கோப்பில் இருக்கும். சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

அன்று பின்னேரம் அவளுக்குச் சொன்னவற்றையும், பிறகு நான் தேடிச் சரிபார்த்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தத் திட்டம் எதற்காக?

ஒருவர் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யவில்லை என்றால் உடனே அனுப்பிவிடாமல், குறை என்ன என்று எழுத்தில் சொல்லி, அதைச் சரிசெய்யக் காலமும் உதவியும் கொடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் நோக்கம். வழக்கமாக 30, 60 அல்லது 90 நாட்கள் கொடுப்பார்கள்.

இதன் பின்னால் ஒரு நியாயமான கொள்கை இருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பு 1982இல் வேலைநீக்கம் பற்றிய 158ஆம் இலக்க சமவாயத்தையும் அதனோடு 166ஆம் இலக்க பரிந்துரையையும் நிறைவேற்றியது. வேலை திருப்தியாக இல்லை என்ற காரணத்துக்காக ஒருவரை நீக்குவதற்கு முன்னர் தகுந்த அறிவுறுத்தல்களும் எழுத்துமூல எச்சரிக்கையும் கொடுக்கவேண்டும், திருந்துவதற்கு நியாயமான காலம் கொடுக்கவேண்டும், அதற்குப் பிறகும் முன்னேற்றம் இல்லாவிட்டால் மட்டுமே நீக்கலாம் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. இலங்கை இந்தச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் ஒரு மேம்பாட்டுத் திட்டம் நியாயமானதா என்று பார்க்க இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இதில் எச்சரிக்கை ஒரு பகுதிதான். அறிவுறுத்தலும் காலமும் மற்ற இரண்டு பகுதிகள். எனக்குக் கிடைத்தது எச்சரிக்கையும் காலமும். அறிவுறுத்தல் கிடைக்கவில்லை.

அரச சேவையில் இருப்பவர்களுக்கு இதே போன்ற ஒன்று பழக்கமானது. வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையைக் குறித்த காலத்துக்குள் தேறாவிட்டால் சம்பள ஏற்றம் தடைப்படும். ஆனால் அங்கே பாடத்திட்டம் முன்கூட்டியே தெரியும், எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். தனியார் அலுவலகத்தின் திட்டமோ ஒருவருக்கென்றே எழுதப்படுவது. வினாவைத் தயாரிப்பவரும் புள்ளி போடுபவரும் அதே முகாமையாளர். அதனால்தான் அதில் என்ன எழுதப்படுகிறது என்பது முக்கியமாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தொழிலாளரின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இந்த விடயத்தில் இலங்கையின் அடிப்படைச் சட்டம். அது பொருந்துவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நிறுவனத்தில் முந்தைய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேராவது வேலை செய்திருக்கவேண்டும். நீங்கள் குறைந்தது 180 நாட்கள் சேவை செய்திருக்கவேண்டும்.

இந்தச் சட்டம் வேலைநீக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, களவு, கட்டளை மீறல் போன்ற குற்றங்களுக்கான ஒழுக்காற்றுத் தண்டனையாக நீக்குவது. அப்படி நீக்கினால் அதற்கான காரணங்களை இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். மற்றது, தண்டனை அல்லாத வேறு எந்தக் காரணத்துக்காகவும் நீக்குவது. இதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்றில் ஊழியர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தரவேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நீக்கினால் அந்த நீக்கம் சட்டத்தின் முன் செல்லாது. மீண்டும் வேலையில் சேர்க்கும்படி ஆணையாளர் உத்தரவிடலாம்.

அழைப்பை முடிக்க ஒன்பது நிமிடம் எடுப்பது குற்றம் அல்ல. அப்படியானால் ஆணையாளரிடம் போவதுதான் நிறுவனத்துக்கு மிஞ்சும் வழி. அங்கே விசாரணை நடக்கும், காலம் எடுக்கும், அனுமதி கிடைத்தாலும் நட்டஈடு கட்டவேண்டிவரும். அந்த நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் வெளியான ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் ஐந்து வருடச் சேவைக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். அதற்கு மேற்பட்ட வருடங்களுக்கு விகிதம் படிப்படியாகக் குறையும். மொத்தம் 48 மாதச் சம்பளத்தைத் தாண்டாது. 2021இல் இதன் உச்சத் தொகை 12½ இலட்சம் ரூபாயிலிருந்து 25 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதம் 80,000 ரூபாய் வாங்கும் ஒருவர் நான்கு வருடம் முடித்திருந்தால் 10 மாதச் சம்பளம், அதாவது 8 இலட்சம் ரூபாய்.

இப்போது அந்த நான்காவது தாளைத் திரும்பப் பாருங்கள். ஊழியர் தானாக ராஜினாமா செய்தால் ஆணையாளரிடம் போகத் தேவையில்லை, சூத்திரமும் தேவையில்லை. ஒரு கையொப்பத்தோடு எல்லாம் முடிந்துவிடும். நம் நாட்டில் இந்தத் திட்டம் பலருக்கு வாசலைக் காட்டும் கடிதமாக வந்து சேர்வதற்கான முக்கிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். முகாமையாளர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நீக்குவது கடினம், விலகவைப்பது எளிது என்று இருக்கும்போது, 60 நாள் அழுத்தம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கலாம்.

தொழில்தருநர்கள் இந்தச் சட்டம் மிக இறுக்கமானது என்று நீண்ட காலமாகக் குறை சொல்லி வருகிறார்கள். 2023இல் பல தொழில் சட்டங்களை ஒன்றாக்கும் புதிய சட்டம் ஒன்றை அப்போதைய அரசாங்கம் முன்மொழிந்தபோது இந்த விவாதம் மீண்டும் எழுந்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சட்டம் இறுக்கமானதா இல்லையா என்பது ஒரு விவாதம். இருக்கும் சட்டத்தை அறியாமல் கையொப்பமிடுவது வேறு விடயம்.

எங்கள் லேன் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். ராஜினாமா செய்தாலும் சேரும், ஆனால் ஐந்து வருடம் முடிந்திருக்கவேண்டும். அவளுக்கு எட்டு மாதம் குறைவாக இருந்தது. இதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் எப்படி விலகினாலும் அவளுடைய கணக்கில் இருக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

சென்னையில் நடந்தது

இது கொழும்புக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. தமிழ் இளைஞர்கள் பெருந்தொகையாக வேலை செய்யும் சென்னையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் இது பல தடவை வெடித்திருக்கிறது. 2014 இறுதியில் டிசிஎஸ் நிறுவனத்தில் அனுபவமுள்ள ஊழியர்கள் பலர் வேலை இழந்தபோது, செயல்திறன் குறைவுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. கர்ப்பிணியான ஓர் ஊழியரின் வேலைநீக்கத்துக்கு 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில்தான் ஐடி ஊழியர்களுக்கான மன்றம் என்ற அமைப்பும் வெளிச்சத்துக்கு வந்தது. 2017இல் காக்னிசண்ட் ஊழியர்கள், தங்களுக்குக் குறைந்த மதிப்பீடு கொடுத்து ராஜினாமா செய்யும்படி வற்புறுத்துகிறார்கள் என்று தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் முறையிட்டார்கள். வழமையான வருடாந்த மதிப்பீட்டுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்பது நிறுவனத்தின் பதில்.

கொழும்பு அலுவலகங்களில் இருப்பவர்கள் அங்கிருந்து கற்கக்கூடியது ஒன்று இருக்கிறது. தனித்தனியாக வீட்டுக்குப் போனவர்கள் ‘நான் திறமையில்லாதவன்’ என்று நினைத்துக்கொண்டு போனார்கள். சேர்ந்து பேசியபோதுதான், பல பேருக்கு ஒரே வாரத்தில் ஒரே சொற்களில் கடிதம் வந்திருப்பது அவர்களுக்கே தெரியவந்தது.

இந்த மதிப்பீட்டு முறைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தை ஜாக் வெல்ச் நடத்திய காலத்தில், ஊழியர்களை வருடா வருடம் தரவரிசைப்படுத்தி, கடைசி 10 வீதத்தினரை வெளியேற்றும் முறை புகழ்பெற்றது. பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. மைக்ரோசொஃப்ட் 2013இல் தன் தரவரிசை முறையைக் கைவிட்டது. அதே காலத்து இன்னொரு சிந்தனையும் இருந்தது. ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தர மேம்பாட்டைக் கற்பித்த எட்வேர்ட்ஸ் டெமிங், குறைகளில் மிகப் பெரும்பாலானவை தனி ஆளிடம் அல்ல, வேலை ஒழுங்கமைக்கப்பட்ட முறையில்தான் இருக்கின்றன என்று சொல்லிவந்தார். ஒருவருக்குத் திட்டம் எழுதும் முன்னர் அவரைச் சுற்றியுள்ள வேலை முறையையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

உதவும் திட்டத்தை எப்படி அடையாளம் காண்பது?

என் கடிதத்தையும் அவளுடைய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஊழியர் செய்யவேண்டியவை நீளமாக இருந்தன. நிறுவனம் செய்யவேண்டியது ஒரு வரிகூட இல்லை. நான் முதலில் பார்க்கும் இடம் இப்போது அதுதான்.

உண்மையாக உதவ நினைக்கும் திட்டத்தில் இவை இருக்கும்:

1. குறை என்ன என்பது உதாரணங்களோடு இருக்கும். ‘மனப்பாங்கு சரியில்லை’ என்பது குறை அல்ல. ‘இந்த மாதத்தில் 14 பதிவுகளில் வாடிக்கையாளர் இலக்கம் பிழை’ என்பது குறை.

2. காரணம் தேடப்பட்டிருக்கும். பயிற்சிக் குறைவா, மொழியா, புதிய மென்பொருளா, வேலைப் பளுவா, வீட்டில் நோயா என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

3. இலக்கு அதே வேலையைச் செய்யும் மற்றவர்களும் எட்டுகிற இலக்காக இருக்கும். பிரிவில் ஒருவரும் ஆறு நிமிடத்தில் முடிக்கவில்லை என்றால், அதை ஒருவரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை.

4. நிறுவனம் தரும் உதவி பெயரோடும் திகதியோடும் எழுதப்பட்டிருக்கும். யார் பயிற்சி தருவார், எந்த நாளில், எத்தனை மணித்தியாலம் என்று இருக்கும்.

5. வாராந்தக் கூட்டத்தின் குறிப்பு எழுத்தில் இரு தரப்புக்கும் கிடைக்கும். முன்னேறியதும் அதில் பதியப்படும்.

6. முடிவு இரண்டு பக்கமும் சொல்லப்பட்டிருக்கும். தேறினால் திட்டம் மூடப்பட்டதாகக் கடிதம் கிடைக்கும். தேறாவிட்டால் கால நீடிப்பு, வேறு பிரிவுக்கு மாற்றம் போன்றவை பார்க்கப்படும்.

ராஜினாமாக் கடிதம் இந்தப் பட்டியலில் எங்கும் வராது. திட்டத்தோடு அதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால், முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுவதற்கு இடமுண்டு.

கடிதம் உங்கள் கைக்கு வந்தால்

அன்றே கையொப்பமிடவேண்டியதில்லை. வாசித்து விளங்கிக்கொள்ள ஓரிரு நாட்கள் கேளுங்கள். ஆங்கிலம் முழுதாக விளங்காவிட்டால், உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கும்படி கேட்பது வெட்கப்படவேண்டிய விடயம் அல்ல. கையொப்பமிடும்போது ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதித் திகதி போடலாம். பெற்றுக்கொள்வதும் உள்ளே உள்ளதை ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல.

பிறகு பதில் எழுதுங்கள். கோபமாக அல்ல, ஒரு பக்கத்துக்குள். எந்தக் குறையை ஏற்கிறீர்கள், எதில் கருத்து வேறுபாடு, முன்னேற என்ன உதவி தேவை என்பவற்றை மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், முந்தைய வருட மதிப்பீடுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். அலுவலகத்தின் இரகசிய ஆவணங்களை மட்டும் வெளியே கொண்டுவராதீர்கள். அதுவே ஒழுக்காற்றுக் குற்றமாகிவிடும்.

வேலைநீக்கம் நடந்துவிட்டால் காலம் முக்கியம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். தொழிற்சங்கமும் உங்கள் சார்பில் விண்ணப்பிக்கலாம். வற்புறுத்தி எழுதி வாங்கிய ராஜினாமாவை வேலைநீக்கமாகக் கருதும்படி அங்கே வாதிடவும் முடியும். ஆனால் வற்புறுத்தல் நடந்ததை நீங்கள்தான் காட்டவேண்டும். அதற்குத்தான் அந்தக் கோப்பு. நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் அல்லது உங்கள் பகுதி தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அதைத் தமிழில் எழுதும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

இவ்வளவும் செய்தாலும் ஒரு கேள்வியை நம்மிடமே கேட்கவேண்டும். குறை உண்மையானதா? என் விடயத்தில் அது உண்மைதான், என் அறிக்கைகள் மோசமாகத்தான் இருந்தன. உரிமை தெரிந்திருந்தால் நான் அதே வேலையில் இருந்திருப்பேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சூத்திரத்தின்படி ஏழரை மாதச் சம்பளம் பற்றிப் பேசக்கூடிய இடத்திலிருந்து வெளியே வந்திருப்பேன். ஒரு மாதச் சம்பளத்தோடு வந்தேன்.

திங்கட்கிழமை

அவளும் நானும் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இருந்து ஒரு பக்கப் பதிலை எழுதினோம். எட்டு மாதத்துக்கு முன்னர் புதிய மென்பொருளுக்கும் ஆங்கில அழைப்புகளுக்கும் அவளை மாற்றியபோது பயிற்சி கொடுக்கப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டோம். இலக்குகளை ஏற்றுக்கொண்டோம். மென்பொருள் பயிற்சி, வாராந்தக் குறிப்பு எழுத்தில், ஆங்கில அழைப்புகளைப் படிப்படியாகக் கூட்டுவது என்று மூன்றைக் கேட்டோம். நான்காவது தாளைக் கையொப்பமில்லாமல் அப்படியே உறைக்குள் வைத்தாள்.

முகாமையாளர் முதலில் முகம் சுளித்தாராம். பிறகு, அனுபவமுள்ள ஒருவரைத் தினம் ஒரு மணித்தியாலம், பத்து நாட்களுக்கு அவளருகில் இருந்து சொல்லிக்கொடுக்க விட்டார்கள். 60ஆவது நாள் அவளுடைய சராசரி ஆறு நிமிடம் 40 விநாடி. இலக்கை எட்டவில்லை. பிழைகள் மட்டும் கட்டுக்குள் வந்திருந்தன. இன்னும் 30 நாள் நீடித்தார்கள், அதற்குள் எட்டிவிட்டாள். திட்டம் முடிந்ததாகக் கடிதம் வாங்க இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது.

அவள் எழுதிக் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பத்து மணித்தியாலப் பயிற்சி கிடைத்திருக்காது. முகாமையாளராக இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு திட்டம் எழுதும்போது, ‘நிறுவனம் செய்யவேண்டியவை’ என்ற தலைப்பை முதல் பக்கத்தில் போட்டு, அதை நிரப்பிவிட்டு மற்றதை எழுதுங்கள்.

அவளுக்கு ஐந்து வருடம் முடிந்துவிட்டது. வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை ராஜினாமாக் கடிதத்தைத் தானே எழுதப்போவதாகச் சொல்கிறாள்.